சிக்னல் தேடிப் போன நண்டுத் தராசு

தம்பி,

நீ அனுப்பிய படம் நேற்று மதியம் பாதி வந்தது, மீதி இன்று காலையில் வந்தது. நேற்று என் தலையும் கொண்டையில் வைத்த பூவும் மட்டும் தெரிந்தன, கழுத்துக்குக் கீழே ஒரே சாம்பல். இன்று முழுதாக இறங்கிய பிறகுதான் அடியில் எழுதியிருந்ததைப் படித்தேன். ‘மணமேல்குடிக் கடற்கரையின் முதல் கிளவுட் தொழில்முனைவர்.’ நம் நண்டுக் கொட்டகையில் உன் கம்பெனியின் லேபிள் மெஷினை வைத்த அன்று ரிப்பன் வெட்டச் சொல்லி நீ எடுத்த படம் அது. பட்டுச் சேலையில், நண்டு நாற்றத்துக்கு நடுவில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பார்த்ததும் எனக்கே என்னை ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மீனவர் சங்கக் கூட்டத்துக்கு உன் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வருகிறாய், இந்தப் படத்தைத் திரையில் காட்டப்போகிறாய், நான் எழுந்து இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கரையில் உள்ள எல்லாரும் அந்த மெஷினை வாங்கக் கையெழுத்துப் போடுவார்கள், அவர்கள் போட்டால் உனக்குச் சிங்கப்பூர் வேலை உறுதி. இவ்வளவும் படத்துக்கு முன்னாலேயே நீ எழுதி அனுப்பியதுதான். பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் பார்த்தேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் பேப்பரில் எழுதி கூரியரில் அனுப்புகிறேன். ஒரு நகலைச் சங்கத் தலைவரிடமும் கொடுக்கிறேன். பெற்ற பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் எனக்கில்லை.

உன் மேனேஜரும் இதைப் படிப்பார் என்பதால் நம் பிழைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் இங்கே வந்திருந்தபோது நண்டைப் பார்த்து மூக்கைப் பொத்தியதோடு சரி, வேறெதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. கரையில் நமக்கு ஒரு ஐஸ் கம்பெனி, அதை ஒட்டி நண்டு வாங்கும் கொட்டகை. நாட்டுப் படகுக்காரர்கள் விடிந்து கரையேறுவார்கள். வலையிலிருந்து நண்டைக் கால் ஒடியாமல் கழற்றி, தரம் பிரித்து, எடை போட்டு, ஐஸ் வைத்து வேனில் ஏற்றுவோம். வாங்குகிற ஏற்றுமதி கம்பெனி ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு லேபிள் கேட்கிறது. எந்தப் படகு, எந்தக் கரை, எப்போது பிடித்தது என்று வெளிநாட்டில் உட்கார்ந்து தின்கிறவனுக்குத் தெரிய வேண்டுமாம். கேட்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் நண்டு நிழலிலும் ஈரத்திலும் இருக்கும்வரைதான் நண்டு. வெயிலில் கிடந்தால் சதை தண்ணீராகிவிடும், அப்புறம் நாய்கூட முகராது.

உங்கள் ஆட்கள் எங்களைப் பற்றிச் சொல்லித் திரிகிற ஒரு பொய்யை இங்கேயே உடைத்துவிடுகிறேன். நான் கிளவுடுக்கு விரோதி இல்லை. புயல் அடித்த வருஷம் ஆபீஸ் கூரை பறந்து, கம்ப்யூட்டர் மழையில் ஊறி, உள்ளே இருந்த கணக்கெல்லாம் போனதை நீ பார்த்தவன். மேசை மேல் அது வீங்கிக் கிடந்ததைத் துடைத்தது நான்தான். அதற்குப் பிறகு நீ வந்து, “அம்மா, இனிமே எதுவுமே நம்ம மேசைல இருக்காது. எங்கிட்டோ பத்திரமா இருக்கும். இங்கிட்டு நாம தட்டுனாப் போதும்” என்றபோது, பெற்ற பாசத்தில் நான் தலையாட்டவில்லை. எனக்கு அது சரியென்று பட்டது. இப்போதும் சரியென்றே படுகிறது. புயல் தூக்கிக்கொண்டு போகாத இடத்தில் கணக்கு இருந்தால் யாருக்குக் கசக்கும்?

ஆனால் அன்றைக்கு நான் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “தம்பி, நெட் லைன் போனா என்ன பண்ணும்?” அதற்கு நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. “லைன் ஏம்மா போகுது?”

லைன் ஏன் போகும் என்று கேட்டது யார்? அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிள்ளையா? உன் அப்பா குவைத்தில் இருந்த வருஷங்களில் வெள்ளிக்கிழமை தோறும் ஐஸ் கம்பெனித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, செல்போனை உச்சந்தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு ‘அப்பா கேக்குதா, அப்பா கேக்குதா’ என்று கத்துவாய். அந்தப் பக்கத்திலிருந்து அவரும் ‘கேக்குதா’ என்பார். தகப்பனும் பிள்ளையும் அத்தனை வருஷம் பேசிக்கொண்டது அந்த ஒரு சொல்தான். நீ பரீட்சையில் முதலாவதாக வந்ததை அவருக்குச் சொல்ல முடியாமல், தொட்டியிலிருந்து இறங்கி வந்து என் முந்தானையில் முகத்தை வைத்து அழுதாய். அந்தப் பிள்ளை சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்து, ஒரு லைன் போனால் இன்னொரு லைன், அதுவும் போனால் மூன்றாவது என்று வசதி பார்த்த பிறகு, பெற்றவளிடம் லைன் ஏன் போகிறது என்று கேட்கிறான். எருது நோவு காக்கைக்குத் தெரியாதென்பார்கள். நீ காக்கை இல்லையடா, நேற்றுவரை எருதாக இருந்தவன். அதுதான் எனக்கு எரிகிறது.

லைன் ஏன் போகிறது என்று இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அறந்தாங்கியிலிருந்து வருகிற கேபிளை, குடிதண்ணீர்க் குழாய் பதிக்க வந்த ஜேசிபி அறுக்கும். அதைச் சரிசெய்து மண்ணை மூடினால், ரோட்டை அகலப்படுத்த வந்த ஜேசிபி அறுக்கும். கரண்டு போனால் டவரும் சிறிது நேரத்தில் படுத்துவிடும். உப்புக் காற்றில் பெட்டிக்குள் இருக்கிற முனையெல்லாம் பச்சை பூத்துப் போகும். கடலுக்குள் போகிறவர்களுக்கு இலங்கை டவர் எடுக்கிறதாம், கரையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு என் ஊர் டவர் எடுக்காது. புகார் சொன்னால் போனில் ஒரு பெண், உங்கள் பகுதியில் எந்தக் குறையும் இல்லை என்று தேன் ஒழுகச் சொல்கிறாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் போனும் அறுந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் பரிகாரமாக நாம் குடும்பத்தோடு செய்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கொட்டகையில் எடை போடும் செல்வி டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டு, “அக்கா, சுத்துதுக்கா, சுத்திக்கிட்டே இருக்கு” என்று நிற்பாள். எடை மெஷினில் தெரியும். ஆனால் அந்த எடை எங்கேயோ போய், அங்கிருந்து நம்பர் திரும்பி வந்தால்தான் லேபிள் அச்சாகும். கண்ணெதிரில் நண்டு, கண்ணெதிரில் தராசு, எழுதப் படிக்கத் தெரிந்த செல்வியும் கண்ணெதிரில். ஆனாலும் எங்கேயோ இருக்கிற பெட்டி ‘உம்’ கொட்டும்வரை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மாமியாரிடம் உத்தரவு கேட்டுக் காத்திருக்கிற புது மருமகள்கூட இவ்வளவு நேரம் நின்றதில்லை.

குவைத்திலிருந்து திரும்பி வந்து பொழுது போகாமல் இருந்த உன் அப்பா, போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். ரோட்டோரப் பொட்டலில் நின்று, “ஏய், இங்கிட்டு வந்து பாரு, டவர் ஃபுல்லாக் காட்டுது!” என்று புதையல் கண்டவர் மாதிரி கூப்பிட்டார். நீ வீடியோவில் பார்த்துவிட்டுக் கை தட்டினாய். “அப்பா சூப்பர். தராச அங்க மாத்திருங்கம்மா, பிரச்சினை தீந்துச்சு” என்றாய். நானும் தராசைத் தூக்கினேன். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புத்தி மழுங்கியது. கடல் இருக்கிற இடத்தில் கொட்டகை, ஐஸ் இருக்கிற இடத்தில் நிழல், இது இரண்டையும் விட்டுவிட்டு, சிக்னல் இருக்கிறதென்று ஒரு மரம்கூட இல்லாத பொட்டலுக்கு நண்டைத் தூக்கிக்கொண்டு போனோம். பாட்டன் காலத்திலிருந்து கரைக்கு வந்து வியாபாரம் பண்ணுகிறார்கள். சிக்னலுக்குப் போய் வியாபாரம் பண்ணினது உலகத்திலேயே நாம் மட்டுமாகத்தான் இருக்கும்.

முதல் சில நாள் நடந்தது. அதையும் நீ படம் பிடித்து உன் ஆபீசில் காட்டினாயாம், ‘புதுமையான தீர்வு’ என்று கை தட்டினார்களாம். அப்புறம் அமீது பாய் படகு நிறைய நண்டோடு வந்த அந்த நாள் வந்தது. நம் கொட்டகைக்கு முதன்முதலில் நண்டு போட்டவர் அவர்தான் என்பது உனக்குத் தெரியும். அந்த சீசனில் அவருக்கு வலை நிறையக் கிடைத்த நல்ல பாடு அது ஒன்றுதான். பெண்கள் பெட்டியைத் தலையில் வைத்துக் கரையிலிருந்து பொட்டலுக்குச் சுமந்தார்கள். முதல் பெட்டியை ஏற்றியதுமே கரண்டு போனது, கொஞ்ச நேரத்தில் டவரும் போனது. உன் அப்பா போனைத் தூக்கிக்கொண்டு பொட்டலின் நாலு மூலைக்கும் ஓடினார். செல்வி டேப்லெட்டுக்கு முந்தானையால் நிழல் பிடித்தாள். நண்டுக்கு நிழல் பிடிக்க ஆளில்லை. கொட்டகையிலிருந்து கொண்டுவந்த ஐஸ் உருகி மண்ணோடு போனது. வேன்காரர், “லேபிள் இல்லாம ஏத்துனா கம்பெனி கேட்லயே நிப்பாட்டிருவாங்கக்கா, நான் திரும்பிக் கொண்டாந்துருவேன்” என்று சொல்லிவிட்டார்.

அமீது பாய் சண்டை போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு ஆறியிருப்பேன். பெட்டிகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு நண்டாகக் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்.

“என்ன தங்கச்சி, இந்த நண்டு கடல்லயா கெடந்துச்சு, ஒங்க டவர்லயா கெடந்துச்சு?”

“இந்தா வந்துரும் பாய். லைன் வந்ததும் தம்பிக்குப் போன் போடுறேன்” என்றேன்.

“தம்பி வந்து நண்டுக்கு உசுரு குடுக்குமா? பொட்டியக் குடுத்துரு ஆத்தா. நான் வேற எங்கிட்டாச்சும் பாத்துக்கிறேன்.”

அந்தப் பெட்டிகளை அவர் மகனும் அவருமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரோட்டில் வைத்துக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். விற்காததைக் குழி தோண்டிப் புதைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பொட்டலில் என் தராசோடு நான் நின்றேனே, அப்படி ஒரு அவமானம் எனக்கு என் வாழ்நாளில் வந்ததில்லை. மறுநாளே தராசைக் கொட்டகைக்குத் தூக்கி வந்தேன். ஏற்றுமதி கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி, இந்த சீசன் முடியும்வரை கையால் எழுதி ஒட்ட அனுமதி வாங்கினேன். அடுத்த சீசனிலிருந்து அது செல்லாது, கரையில் நண்டு வாங்குகிற ஒவ்வொரு கொட்டகையிலும் மெஷின் லேபிள்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அதில்தான் உனக்குச் சிங்கப்பூர் தெரிகிறது.

அன்று சாயங்காலம் லைன் வந்ததும் உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்? “அம்மா, எங்க சைடுல எல்லாம் சரியாத்தான் இருக்கு. அது ஒங்க லோக்கல் பிரச்சினை.” உங்கள் சைடு, எங்கள் சைடு. என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு எப்போது சைடு வந்தது என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். லைன் இல்லாதபோது எடையை டேப்லெட்டிலேயே வைத்துக்கொண்டு, லேபிளை அடித்துக் கொடுத்துவிட்டு, லைன் வந்ததும் மேலே அனுப்பினால் என்ன என்று கேட்டேன். முடியுமாம். ஆனால் அது இப்போதைக்கு இல்லையாம், பின்னால் செய்யப்போகிற வேலைகளைப் போட்டு வைத்த ‘ரோட்மேப்பில்’ இருக்கிறதாம். அது எந்த ஊர் மேப்போ, அதில் மணமேல்குடி இல்லை.

அப்புறம் உன் மேனேஜர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டையோடு கொட்டகை வாசலில் நின்றபடியே லேப்டாப்பைத் திறந்து ஒரு படம் காட்டினார். சிறு வியாபாரிகள் கிளவுடுக்கு ஏன் வரத் தயங்குகிறார்கள் என்று அதில் காரணங்கள் போட்டிருந்தன. முதல் காரணம், ‘மாற்றத்தை ஏற்கும் மனநிலை இல்லை.’ ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அமீது பாய் படகில் ஜிபிஎஸ் பெட்டி இருக்கிறது, அவருடைய மனநிலையை எந்த மேனேஜர் வந்து மாற்றினார்? நடுக்கடலில் அது வழி காட்டியது, எல்லாரும் வாங்கினார்கள். செல்வி தள்ளுவண்டியில் தேங்காய் வாங்கினால்கூடப் போனைக் காட்டித்தான் கொடுக்கிறாள். புதுக்கோட்டையில் ஆடிட்டராக இருக்கிற உன் மாமா மகன் ஆபீசில் எல்லாம் கிளவுடில்தான் ஓடுகிறது. அவனுக்கு நம்மைவிட உயர்ந்த மனநிலை என்றா நினைக்கிறாய்? கல்யாணத்துக்கு வந்தால் இன்னமும் பந்தியில் முதல் இலைக்குச் சண்டை போடுகிறவன் அவன். அவன் தெருவில் லைன் அறுவதில்லை, அறுந்தாலும் அதற்குள் சரிசெய்ய ஆள் வந்துவிடுகிறது. வேறு ரகசியம் ஒன்றும் கிடையாது. லைன் நிற்கிற தெருவில் வியாபாரி நவீனமாகிவிடுகிறான். லைன் அறுகிற தெருவில் இருப்பவனுக்கு மனநிலை சரியில்லை என்று படம் போட்டுக் காட்டுகிறீர்கள். கூரை ஏறிக் கோழி பிடிக்க முடியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுகிறேன் என்றானாம். நீங்கள் முதலில் அறந்தாங்கி ரோட்டைத் தாண்டி ஒரு கம்பியை ஒழுங்காகக் கொண்டு வாருங்கள், மேகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உன் அப்பா உனக்காகப் பரிந்து பேசுகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். “சிங்கப்பூர்டி. புள்ளைக்கு வர்ற வாழ்வ நாமளே கெடுக்கலாமா? ரெண்டு வார்த்தைதான, சொல்லிட்டு உக்காந்துரு” என்கிறார். அவருக்கு அவர் கவலை. நீ தூரதேசம் போகும்போது தன்னைப் போல் சிமெண்டு மூட்டைக்கு நடுவில் படுக்காமல், கண்ணாடி வீட்டில் உட்கார வேண்டும் என்று ஆசை. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இரண்டு நாளாக நானும் தடுமாறிக்கொண்டுதான் இருந்தேன். சொல்லிவிடலாம் என்றுகூட நேற்றுக் காலை நினைத்தேன்.

நேற்று ஐஸ் வாங்க அமீது பாய் வந்தார். நண்டு வேறு இடத்தில் போட்டாலும் ஐஸ் இன்னும் நம்மிடம்தான் வாங்குகிறார். ஐஸை உடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டே கேட்டார்.

“ஞாயித்துக்கெழம தம்பி வருதாம்ல?”

“ஆமா பாய்.”

“எல்லாரும் அந்த மிசினு வாங்கணும்னு சொல்றாங்க. எங்களுக்கு இதுல என்ன எழவு தெரியுது. நீ நல்லாருக்குன்னு சொன்னா சங்கத்துல கையெழுத்துப் போடச் சொல்லிருவேன். வேணாம்னா வேணாம்னு சொல்லிரு.”

“என்னாலதான பாய் ஒங்க நண்டு போச்சு. எங்கிட்ட வந்து கேக்குறீங்களே?”

“ஒன் மிசினால போச்சு. நீ என்ன பண்ணுவ?” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு எனக்குத் தடுமாற்றம் எதுவும் இல்லை, தம்பி. கண்ணெதிரில் பாடு அழுகிப்போனதைப் பார்த்த மனிதன், இன்னமும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்த வாயால் பொய் சொல்லி உன்னைச் சிங்கப்பூருக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. நீ கோபித்துக்கொண்டாலும் சரி, உன் அப்பா என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி. அவர் பேசாமல் இருந்தால் வீடு கொஞ்சம் அமைதியாகவும் இருக்கும்.

ஆனால் கூட்டத்துக்கு வராதே என்று சொல்லமாட்டேன். வா. உனக்குப் பிடித்த நண்டு வறுவல் பண்ணி வைக்கிறேன், உன் மேனேஜருக்கு வேண்டுமானால் தயிர்சாதம். அந்தப் படத்தைத் திரையில் போடாதே. வேறு எதைத் திரையில் போட்டாலும் எனக்கு அக்கறை இல்லை. மெஷினைக் கொண்டு வா. தராசு, டேப்லெட், லேபிள் அடிக்கிற பெட்டி எல்லாவற்றையும் மேசை மேல் வை. அமீது பாய் ஒரு பெட்டி நண்டு கொண்டு வருவார், கேட்டுவிட்டேன். செல்வி எடை போடுவாள். அவள் எடை போட்டுக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து வருவேன். நீ கேட்ட இரண்டு வார்த்தையைப் பேசுவதற்கு இல்லை. எல்லார் கண்ணுக்கும் முன்னால் அந்த நெட் வயரைப் பிடுங்குவேன், உங்கள் போன்களையும் வாங்கி அணைத்து என் மடியில் வைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகும் அந்தப் பெட்டியில் இருந்து லேபிள் வந்தால் என் பேரை எடுத்துக்கொள், படத்தை எடுத்துக்கொள், சிங்கப்பூருக்கு நானே இனிப்பு கட்டித் தருகிறேன். வராவிட்டால் இந்தக் கரையில் ஒருவரும் வாங்க வேண்டாம் என்று நானே சொல்வேன், விற்கிறவன் நான் பெற்ற பிள்ளை என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அந்த ரோட்மேப்பில் இருப்பதை எடுத்துச் செய்ய உனக்கு இன்னும் நாள் இருக்கிறது. தொட்டி மேல் நின்று கத்தின பிள்ளைக்கு அதைச் செய்யத் தெரியும் என்றுதான் நான் இன்னமும் நம்புகிறேன். ஜேசிபிக்காரன் சொல்லிவிட்டுப் பிடுங்கமாட்டான். நான் பெற்றவள், அதனால் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

அம்மா